கூவ மறந்த சேவல்: திடீர் நோயை அறிவதும் உடனே செய்ய வேண்டியதும்

விடிவதற்கு முன்பே அக்கம்பக்கத்தை எழுப்பிவிடும் சேவல் ஒரு நாள் கூவவில்லை என்றால், அந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி "ராத்திரி மூசாங் ஏதும் வந்ததா?" என்பதுதான். கூண்டில் போய்ப் பார்த்தால் சேவல் இருக்கிறது. ஆனால் மூலையில் ஒடுங்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி நிற்கிறது. நேற்று மாலை வரை நன்றாகத்தானே இருந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். அநேகமாக, நேற்று மாலையும் அது நன்றாக இருந்திருக்காது என்பதே உண்மை.

மலேசியாவில் தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் தரை வீடுகளின் பின்புறத்திலும் சேவல் வளர்க்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல், பேரப்பிள்ளைகள் பெயர் வைத்து அழைக்கும் நாட்டுச் சேவல், கிளந்தானில் தோன்றி உலகெங்கும் புகழ்பெற்ற அரைக் கிலோவுக்கும் குறைவான செராமா சேவல் என்று அவை பலவகை. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதியில்லை. தரை வீடுகளில் விதிகளுக்கு உட்பட்டு வளர்ப்போர் இருக்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் நோய் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் பலர். சேவலுக்கு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சிலரே. அந்த அறியாமையால் சேவல் மட்டுமல்ல, சில நேரங்களில் வீட்டு மனிதர்களும் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள்.

நோயை மறைக்கும் பறவை

கோழி இனம் காட்டில் மற்ற விலங்குகளுக்கு இரையாக இருந்த இனம். தளர்ந்து நிற்கும் பறவையைத்தான் பருந்தும் பாம்பும் முதலில் குறிவைக்கும். கூட்டத்திலுள்ள மற்றக் கோழிகளும் பலம் குறைந்ததைக் கொத்தி விரட்டும். அதனால் நோய் உள்ளே முற்றிக்கொண்டிருந்தாலும், நிற்க முடிகிற வரை சேவல் தன்னைத் தெம்பானதாகவே காட்டிக்கொள்ளும். ஆள் வந்தால் நிமிர்ந்து நிற்கும். தீனி போட்டால் கொத்துவதுபோல் கொத்தி, விழுங்காமல் விட்டுவிடும். நாம் "திடீர் நோய்" என்று சொல்வதில் பெரும்பகுதி, இரண்டு மூன்று நாட்களாக மறைந்திருந்து இனி மறைக்க முடியாமல் வெளிப்பட்ட நோய்தான்.

ஆகவே, நோயைக் கண்டுபிடிக்கும் திறமை நோய் வந்த அன்று வருவதில்லை. நன்றாக இருக்கும் நாட்களில் சேவலைப் பார்த்துப் பழகியவர்களுக்கே அது வரும்.

தினமும் ஒரு நிமிடம்

காலையில் கூண்டைத் திறக்கும்போது ஒரு நிமிடம் செலவிட்டால் போதும். முதலில் கொண்டையையும் தாடிச் சதையையும் பார்க்க வேண்டும். நலமான சேவலுக்கு அவை நல்ல சிவப்பாக இருக்கும். வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கலாம். புழுவோ, இரத்தம் உறிஞ்சும் செள்ளோ காரணமாக இருக்கலாம். நுனி கறுத்தோ ஊதா நிறமாகவோ மாறினால் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது என்று பொருள். அது அவசர நிலை.

அடுத்தது தீனிப்பை. கழுத்தடியில், மார்பின் வலப்பக்கத்தில் விரலால் மெல்லத் தொட்டால் தெரியும். மாலையில் தீனி நிறைந்து உருண்டையாக இருக்கும். இரவெல்லாம் செரித்து, காலையில் தீனி போடும் முன் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்போல இறுகியிருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை போலத் தளதளத்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே காளான் வகைக் கிருமி பெருகியிருக்கலாம்.

மூன்றாவது எச்சம். பழுப்பு அல்லது கரும்பச்சை நிறத்தில் திரண்டு, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல் இருப்பதே இயல்பான எச்சம். அந்த வெள்ளைப் பகுதிதான் பறவையின் சிறுநீர். இடையிடையே களிபோல ஒட்டும் பழுப்பு எச்சம் கடும் வாடையுடன் வரும். அது குடல்வாலில் இருந்து வருவது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இரத்தம், வெறும் பச்சைத் தண்ணீர், தொடர்ந்து வெள்ளையாகப் பீச்சுதல் ஆகிய மூன்றும்தான் கவலைக்குரியவை.

கடைசியாக மார்பெலும்பு. சேவலின் இறகு அதன் மெலிவை மறைத்துவிடும். கையால் தடவும்போது மார்பின் நடு எலும்பு கத்தி விளிம்புபோல் தட்டுப்பட்டால், அது பல நாட்களாகச் சரியாகத் தின்னவில்லை என்று அறியலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரு வேளை தீனி குறைவாகத் தின்றது, இறகு உதிர்கிறது, லேசாக நொண்டுகிறது போன்றவற்றை ஒரு நாள் கவனித்துப் பார்க்கலாம். பின்வருவனவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது.

நிழலில் இருக்கும்போதே வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சு வாங்குதல், மூச்சில் கொரகொரவென்ற ஒலி, கொண்டை ஊதாவாக மாறுதல், முகமும் கண்ணிமையும் வீங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், வட்டமிட்டுச் சுற்றுதல், கால் அல்லது சிறகு செயலிழத்தல், கழுத்தை நிமிர்த்த முடியாமல் தலை தரையில் சரிதல், எச்சத்தில் இரத்தம், நிற்காத இரத்தக் கசிவு. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரை நாட வேண்டும். எல்லா மிருக மருத்துவமனைகளும் பறவைகளைப் பார்ப்பதில்லை. நோய் வந்த பிறகு தேடி அலையாமல், பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் அருகில் யார் என்பதை முன்கூட்டியே விசாரித்து, எண்ணைக் குறித்து வைப்பது நல்லது.

முதல் ஒரு மணி நேரம்

முதல் வேலை, சேவலைத் தனியே பிரிப்பது. மற்றக் கோழிகளுக்கு நோய் பரவாமல் இருக்கவும், அவை இதைக் கொத்தாமல் இருக்கவும் இது அவசியம். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியோ சிறிய கூண்டோ போதும். அடியில் பழைய நாளிதழ் அல்லது துண்டு விரிக்கலாம். நாளிதழ் விரித்தால் எச்சத்தின் நிறமும் தெளிவாகத் தெரியும். இடம் அமைதியாக, அரையிருட்டாக, சமையலறைக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் தள்ளி இருக்க வேண்டும்.

சேவலைத் தூக்கும்போது சிறகுகளை உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். மார்பை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. மனிதருக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் அது மூச்சு விடுகிறது. மார்பை அழுத்திப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அதற்கு மூச்சு முட்டும். பிள்ளைகள் பாசத்தால் கட்டிப்பிடிக்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உடல் வெப்பம். கோழியின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். கையில் தூக்கினால் சூடாகத்தான் இருக்கும். அதைக் காய்ச்சல் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மழையில் நனைந்து நடுங்கினால் துவட்டி, காற்று வீசாத இடத்தில் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். சூடு அதிகமானால் அது விலகி உட்கார மறுபக்கத்தில் இடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். நோயுற்ற கோழி தின்னாமல் ஒரு நாள் தாங்கினாலும், நம் நாட்டு வெயிலில் குடிக்காமல் தாங்காது. உடல் சிறுத்த செராமா வகைக்கு இது இன்னும் வேகமாக ஆபத்தாகும். மருந்துக்கடையில் வயிற்றுப்போக்குக்கு விற்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் தூளை, பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில் கரைத்து ஒரு நாளுக்குக் கொடுக்கலாம். பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

தண்ணீர் புகட்டும் விதத்தில்தான் பல சேவல்கள் பலியாகின்றன. கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. வாயைப் பிளந்து தண்ணீரை ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். அலகை நீரில் தொட்டுக் காட்டினால், முடிந்தால் தானே குடிக்கும். இல்லையென்றால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக வைக்க வேண்டும். அது விழுங்கிய பிறகே அடுத்த துளி. தலை சரிந்து மயக்கத்தில் இருக்கும் பறவைக்கு எதையும் புகட்டக் கூடாது.

காயமாக இருந்தால், சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நகமோ கால்முள்ளோ உடைந்து கசிந்தால் சோளமாவை அழுத்தி வைக்கலாம். நாய், பூனை, மூசாங் கடித்த காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே கிருமி இறங்கியிருக்கும். அதற்கு மருத்துவர் தரும் மருந்து தேவை.

கைமருந்து செய்யும் கேடு

"பாதி பனடோல் கொடுத்தேன்", "தைலம் தடவினேன்", "போன மாதம் மிச்சமான கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலந்தேன்" என்று சொல்பவர்கள் அதிகம். நோக்கம் நல்லதுதான், விளைவு நல்லதாக இருப்பதில்லை. 60 கிலோ மனிதருக்குச் செய்த மாத்திரையில் பாதி என்பது, இரண்டு கிலோ சேவலுக்குப் பல மடங்கு அதிகம். மிச்சமான கிருமிக்கொல்லி மருந்து வைரஸ் நோயை எதுவும் செய்யாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகத்தான் வழி செய்யும். பறவையின் மூச்சு உறுப்புகள் நுண்மையானவை. நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் உடலுக்குள் பரவியிருப்பதால், தைல நெடி, கொசுவத்திப் புகை, சாம்பிராணிப் புகை ஆகியவை மூச்சுத் திணறும் சேவலுக்கு மேலும் துன்பமே.

தீனிப்பை அடைத்திருந்தால் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைப்பது இன்னொரு பழக்கம். வெளிவரும் நீர் மூச்சுக்குழலில் இறங்கினால், அடைப்பால் சாகாத சேவல் அதனால் சாகும்.

வெயிலால் விழுந்தால்

நம் வட்டாரத்தில் நண்பகலில் விழும் சேவல்களில் பலவற்றுக்கு நோயே இல்லை, வெப்பம்தான் காரணம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் அது உடலின் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக உள்ள நம் ஊரில் அந்த வழியும் சரியாகப் பலிப்பதில்லை. துத்தநாகத் தகரக் கூரை போட்ட கூண்டு நண்பகலில் அடுப்பாகிவிடும். சிறகை விரித்துத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து, தள்ளாடும் சேவலை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மின்விசிறி வைத்து, கால்களையும் கொண்டையையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனைக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. திடீர்க் குளிர்ச்சி அதன் உடலுக்குப் பேரதிர்ச்சி. அரைமணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

எந்த நோயாக இருக்கும்?

நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. ஆனாலும் சில அடையாளங்களை வளர்ப்போர் தெரிந்து வைத்திருப்பது உதவும்.

கழுத்து முறுக்கு, பச்சையான கழிச்சல், மூச்சுத் திணறல் ஆகியவை சேர்ந்து வந்தால், தமிழர்கள் வெள்ளைக் கழிச்சல் என்றும் மலாய்க்காரர்கள் சம்பார் என்றும் சொல்லும் நியூகாசல் நோயாக இருக்கலாம். முகம் வீங்கி, மூக்கில் நாற்றமெடுக்கும் சளி வடிந்தால் கோழிச் சளிக் காய்ச்சல். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு எழ முடியாத இளஞ்சேவலுக்கு மாரெக் நோய் இருக்கலாம். கொண்டையில் கறுப்புப் பொருக்குகள் தோன்றினால் கொசு பரப்பும் அம்மை. கழுத்து துவண்டு தரையில் கிடந்தால், அழுகிய மாமிசத்தையோ அதில் நெளிந்த புழுவையோ தின்றதால் ஏறிய நச்சு. எலி மருந்து, களைக்கொல்லி தெளித்த புல் ஆகியவையும் காரணமாகலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் மருந்துப் புட்டியையே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது, எச்சத்தைச் சிறு பிளாஸ்டிக் பையில் எடுத்துச் செல்லலாம். மூச்சு வாங்குவதையும் தள்ளாடுவதையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டலாம். எப்போது தொடங்கியது, என்ன தின்றது, புதிய கோழி ஏதும் வந்ததா, வேறு கோழிகள் இறந்தனவா என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

"செத்துப்போகும் முன் அறுத்துவிடலாமா?"

வீட்டின் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. வறுமை மிகுந்த தோட்ட வாழ்க்கையில் ஒரு கோழியை வீணாக்க மனம் வராததால் வந்த வழக்கம். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் இன்று அதற்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிதாக இருக்கலாம்.

1997ஆம் ஆண்டு ஹாங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முறையாக மனிதர்களுக்குத் தொற்றியது கண்டறியப்பட்டது. 18 பேருக்கு நோய் கண்டு, 6 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு பல நாடுகளில் நோய் கண்டவர்களில் பெரும்பாலோர், நோயுற்ற அல்லது செத்த கோழியோடு நெருங்கிப் பழகியவர்கள். நன்றாக வேகவைத்தால், அதாவது எல்லாப் பகுதியிலும் 70 டிகிரிக்கு மேல் சூடேறினால், கிருமி செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஆபத்து சாப்பிடும்போது மட்டும் வருவதில்லை. அறுக்கும்போது தெறிக்கும் இரத்தம், இறகு பறிக்கும்போது பறக்கும் தூசு, குடல் கழுவும் தண்ணீர் ஆகியவற்றால்தான் அது கைக்கும் மூச்சுக்கும் வருகிறது. குழம்பு கொதிக்கும் முன்பே, அறுத்தவருக்கும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைக்கும் தொற்றியிருக்கலாம். ஒரு வேளைக் கறிக்காக அந்த அபாயத்தை ஏற்க வேண்டுமா?

ஆகவே பதில் ஒன்றுதான்: நோயுற்ற சேவலை அறுக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் சொன்னால், வலியில்லாமல் அதன் உயிரை அடக்கும் முறை அவரிடம் உண்டு.

மலேசியா கண்ட அனுபவம்

இது எங்கோ நடக்கும் கதையல்ல. 2004 ஆகஸ்டில் கிளந்தான் மாநிலம் தும்பாட்டில் ஒரு கம்பத்தில் வளர்ந்த கோழிகளிடம் எச்5என்1 கண்டறியப்பட்டது. எல்லை தாண்டிக் கடத்திவரப்பட்ட சண்டைச் சேவல்கள் வழியாக அது வந்திருக்கலாம் என்று அப்போது சந்தேகிக்கப்பட்டது. உடனே சிங்கப்பூர் மலேசியக் கோழி இறக்குமதியை நிறுத்தியது. 2006இலும் 2007இலும் தீபகற்பத்தின் வேறு பகுதிகளிலும், 2017இல் மீண்டும் கிளந்தானிலும், 2018இல் சபாவிலும் நோய் தலைகாட்டியது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. ஒரு கொல்லைப்புறக் கூண்டில் தொடங்குவது, ஒரு நாட்டின் வணிகம் வரை போய்ச் சேர்கிறது.

அதனால், ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் ஓரிரு நாட்களில் இறந்தாலோ, முகம் வீங்கிக் கொண்டை கறுத்துச் செத்தாலோ, மலேசியாவில் அருகிலுள்ள கால்நடை மருத்துவச் சேவைத் துறை அலுவலகத்துக்கும், சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவுக்கும் தகவல் சொல்ல வேண்டும். "சொன்னால் எல்லாக் கோழியையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று மறைப்பவர்கள், தங்கள் வீட்டாரைத்தான் முதலில் பணயம் வைக்கிறார்கள். பெரும்பாலான சாவுகளுக்குப் பறவைக் காய்ச்சல் காரணமாக இருக்காது. ஆனால் அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

இறந்த கோழியைக் கால்வாயிலோ ஆற்றிலோ வீசக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் வைத்தால் பரிசோதனைக்கு உதவும். உறைய வைக்கக் கூடாது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அடுத்த பத்து நாட்களுக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், கோழி இறந்த செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தடுப்பதே எளிது

நியூகாசல் நோய்க்கு மருந்து இல்லை; தடுப்பூசி உண்டு. கம்பத்துக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதில் ஒரு காலத்தில் பெரிய சிக்கல் இருந்தது. மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். சுற்றித் திரியும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். 1980களில் அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில், அதாவது இன்றைய மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில், அய்னி இடெரிஸ், லத்திஃப் இப்ராஹிம் ஆகிய அறிவியலாளர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சூட்டைத் தாங்கக்கூடிய தடுப்பு மருந்தை உருவாக்கி, அதைத் தீனியில் கலந்து கொடுக்கும் முறையையும் சோதித்தார்கள். கிராமத்துக் கோழிகளைக் காக்கும் முயற்சியில் உலகம் கவனித்த ஆய்வு அது. சேவலுக்கு எந்தத் தடுப்பு மருந்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். தடுப்பு மருந்து நலமான பறவைக்கு மட்டுமே; நோய் வந்தபின் போட்டுப் பயனில்லை.

மற்றவை செலவில்லாதவை. புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரமாவது தனியே வைக்க வேண்டும். பிற கோழிகள் உள்ள இடத்துக்குப் போட்டுப்போன காலணியுடன் கூண்டுக்குள் நுழையக் கூடாது. காட்டுப் பறவைகள் எச்சமிடாதபடி தீனியும் தண்ணீரும் மூடிய இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவ வேண்டும். சேவலைத் தொட்ட பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. முத்தமிடவும் கூடாது, ஏனென்றால் நலமாகத் தெரியும் கோழியிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

சேவல் வாய்விட்டுச் சொல்லாது. அதன் கொண்டை சொல்லும், எச்சம் சொல்லும், கூவாத காலை சொல்லும். அதைக் கேட்கப் பழகியவர்கள் வீட்டில் சேவல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அது பிழைக்காவிட்டாலும், வீட்டிலுள்ளவர்களுக்கு நோய் தொற்றாமல் காத்துக்கொள்ள முடியும்.